வேலிகளுக்கு மூத்த பாதைகள்

ஆங்கில நாட்டுப்புறத்தை நாம் முதன்முதலிற் கண்டது பாடப்புத்தகத்திலேதான். பச்சைப் புல்வெளி, அதனைச் சுற்றி உயிர்வேலி, தூரத்தே ஊர்த் தேவாலயத்தின் கோபுரம், வேலியோரமாக வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதை, பாதையின் திருப்பத்திலே தனித்து நின்று சிந்திக்கும் கவிஞன். இலங்கைப் பாடசாலைகளிற் பரீட்சைக்கெனப் பயிலப்பட்ட கவிதைத் திரட்டுகள் தலைமுறை தலைமுறையாக இக்காட்சியை நம் மனத்திற் பதித்து வந்தன. அக்காட்சியில் உழுதவன் இல்லை. வேலி நட்டவன் இல்லை. வேலிக்கு வெளியே தள்ளப்பட்டவனும் இல்லை. அந்நிலம் ஆதிதொட்டு அவ்வாறே கிடக்கிறதென்றும், அதில் உலாவி மகிழ்வது பண்பட்ட உள்ளத்தின் அடையாளமென்றும் நம்பும்படி நாம் பழக்கப்பட்டோம்.

இன்று அந்நிலத்திலே காலாற நடப்போர் தொகை பெரிது. இங்கிலாந்திலும் வேல்சிலுமாக ஏறத்தாழ 140,000 மைல் நீளமான பொதுப் பாதைகள் சட்டப்படி பதிவாகியுள்ளன. தனியார் வயலின் நடுவேயும், பண்ணை முற்றத்தின் ஊடேயும், பிரபுவின் மாளிகைத் தோட்டத்தின் விளிம்பிலும் அவை செல்கின்றன. நிலத்துக்குச் சொந்தக்காரன் அவற்றில் நடப்பவனைத் தடுக்க முடியாது. அதே இங்கிலாந்தின் நிலத்திற் பாதியை மக்கட்டொகையில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரே உடைமையாகக் கொண்டுள்ளனர் என்று 2019இல் கை ஷ்ரப்சோல் என்பார் தமது ஆய்வு நூலிற் காட்டினார். நிலம் ஒரு சிலர் கையில் இருக்க, அதில் நடக்கும் உரிமை மாத்திரம் பலர் கையில் எஞ்சியது எப்படி? விடை அப்பாதைகளிலேயே கிடக்கிறது. அவற்றுட் சிலவற்றின் வழியே சென்று பார்ப்போம்.

செல்வதற்கு முன் ஒருவரைக் குறிப்பிடுதல் தகும். நிலத்தையும் ஓர் ஆவணமாக வாசிக்கலாம் என்பதை ஆங்கிலப் பொதுமக்களுக்குக் கற்பித்தவர் டபிள்யூ. ஜி. ஹொஸ்கின்ஸ் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர். ஆங்கில நிலத்தோற்றம் உருவான வரலாற்றைக் கூறும் அவரது நூல் 1955இல் வெளிவந்தது. இயற்கையென நாம் கொள்ளும் தோற்றத்தில் ஒவ்வொரு மேடும் வளைவும் வேலியும் ஏதோவொரு காலத்து மனிதர் ஏதோவொரு தேவைக்காகச் செய்தவை என்பது அந்நூலின் சாரம். ஹொஸ்கின்ஸ் இடதுசாரியல்லர். இருபதாம் நூற்றாண்டின்மீது அவருக்கிருந்த வெறுப்பு பல இடங்களில் வெறும் பழமை ஏக்கமாகவே முடிகிறது. ஆயினும் அவர் காட்டிய முறையிலே நிலத்தை வாசிப்பவன், அவர் தாமே போக விரும்பாத இடங்களுக்கும் போய்ச் சேரலாம்.

தென் இங்கிலாந்தின் சுண்ணக் குன்றுகளின் முகட்டிலே ரிட்ஜ்வே என்னும் பழம்பாதை ஓடுகிறது. முகட்டுவழி என்பதே பெயரின் பொருள். வகுப்பறைக் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டிக்குப் பெயர் தந்த அதே வெண்மையான மென்பாறையே இக்குன்றுகளின் உடல். மழைநீர் அதில் தங்காது. பள்ளத்தாக்குகள் சேறும் அடர்காடுமாகக் கிடந்த காலத்தில் முகடு மட்டும் உலர்ந்து கிடந்தது; கால்நடையும் மனிதரும் அவ்வழியே போயினர். வேல்ஸ் நாட்டிலிருந்து இலண்டன் சந்தைகளுக்கு மந்தை ஓட்டிச் சென்றோரும் அண்மைய நூற்றாண்டுகள் வரை இதனைப் பயன்படுத்தினர். 1973இல் இது தேசிய நடைபாதைகளுள் ஒன்றாகத் திறக்கப்பட்டது. ஓவர்ட்டன் குன்றிலிருந்து ஐவிங்கோ பீக்கன் வரை 87 மைல். 5,000 ஆண்டு பழைமையான, பிரித்தானியாவின் மிக மூத்த வீதி என்று வழிகாட்டிப் புத்தகங்கள் கூறும். தொல்லியலாளர் அனைவரும் அதனை ஏற்பதில்லை. ஆனால் பாதையின் வயது எதுவாயினும், அதன் இருமருங்கும் புதிய கற்காலப் புதைமேடுகளும் இரும்புக்காலக் குன்றரண்களும் நெருங்கிக் கிடக்கின்றன என்பதில் ஐயமில்லை.

பாதையின் மேற்கு முனைக்கு அருகே ஏவ்பரி என்னும் கிராமம் உண்டு. உலகிலேயே மிகப் பெரிய கல்வட்டம் அங்குள்ளது. கிராமத்தின் ஒரு பகுதி அவ்வட்டத்துக்கு உள்ளேயே அமைந்திருக்கிறது. சுற்றிவர ஓர் அகழி. இன்று பாதி தூர்ந்து கிடக்கும் அவ்வகழி, வெட்டியபோது ஏறத்தாழ 30 அடி ஆழமாக இருந்தது. வெட்டிய கருவி மானின் கொம்பு. உலோகம் அறியாத மக்கள், கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டில், கொம்பாற் பாறையைக் குத்தி, கூடையில் அள்ளி மேலே சுமந்தனர். அவர்களுடைய தலைவர் பெயரும் தெரியாது. தெய்வத்தின் பெயரும் தெரியாது. எஞ்சியிருப்பது அவர்களது உழைப்பின் அளவு ஒன்றே.

இக்கற்களின் பிற்கால வரலாறும் கவனிக்கத்தக்கது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிற் பல கற்கள் நெருப்பிலே சூடாக்கப்பட்டு, தண்ணீர் ஊற்றி உடைக்கப்பட்டு, வீட்டுச் சுவர்களாயின. 1720களில் வில்லியம் ஸ்டூக்லி அவ்வழிவை நேரிற் கண்டு வரைந்து பதிவு செய்தார். அப்பதிவு இல்லையேல் பல கற்களின் இடம் இன்று தெரிந்திராது. 1930களில் அலெக்சாண்டர் கெய்லர் என்னும் செல்வந்தர் இவ்விடத்தை வாங்கி அகழ்ந்து, விழுந்து புதைந்து கிடந்த கற்களை மீண்டும் நிறுத்தினார். அவருடைய குடும்பச் செல்வம் பழப்பாகு விற்று வந்தது. 1938இல் ஒரு கல்லின் கீழே பதினான்காம் நூற்றாண்டு மனிதன் ஒருவனின் எலும்புக்கூடு கிடைத்தது. அருகே கத்தரிக்கோலும் சில நாணயங்களும் கிடந்தன. நாவிதத் தொழிலுடன் வைத்தியமும் செய்தவனாக இருக்கலாம் என்று கருதினர். கல்வட்டத்தை மீட்கும் இப்பணியிலே, வட்டத்துக்குள் இருந்த குடிசைகள் சில இடிக்கப்பட்டன. அவற்றில் வாழ்ந்தோர் வெளியே குடியேற்றப்பட்டனர். முன்னோர் நட்ட கல்லுக்கு மதிப்பளிப்பதற்காக அவர்தம் வழிவந்தோரின் வீட்டைப் பிடுங்குவது பண்பாட்டுக் காப்பு எனப் பெயர் பெறுகிறது. பழம்பொருளின்மீது பற்றுக் கொள்ளும் நாமும் இக்கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக இயலாது.

முகட்டுவழியே கிழக்கு நோக்கி நடந்தால் அஃபிங்டன் வெள்ளைக் குதிரை. குன்றின் சரிவிலே புல்லைச் செதுக்கி, ஒரு முழம் இரு முழம் ஆழத்துக்கு அகழ்ந்து, நொறுக்கிய சுண்ணத்தால் நிரப்பி வரைந்த உருவம் அது. நீளம் ஏறத்தாழ 360 அடி. கழுத்தும் முதுகும் வாலும் ஒரே வீச்சில் இழுத்த கோடு போலிருக்கும். நெடுங்காலமாக இதனை அல்பிரட் மன்னனின் பெயரோடு சேர்த்து வைத்திருந்தனர். 871ஆம் ஆண்டு டேனியரை வென்றதன் நினைவாக அம்மன்னன் வெட்டுவித்ததாம். எங்கே பெரும் பணியொன்று காணப்படினும் அதனை ஓர் அரசன் தலையிற் கட்டிவிடுவது வரலாறு எழுதுவோரின் பழைய வழக்கம். 1990களில், மண்துகள் கடைசியாக எப்போது வெளிச்சம் கண்டது என்பதைக் கணிக்கும் முறையால் அடிமண்ணைச் சோதித்தனர். குதிரை ஏறத்தாழ 3,000 ஆண்டு பழையது என்று தெரிந்தது. அல்பிரட்டின் காலத்திலேயே அது பழம்பெரும் குதிரை.

ஆனால் வயதைவிட வியப்பான செய்தி வேறொன்று. கல்வட்டத்தைக் கைவிட்டாலும் கல் நிற்கும். குதிரையைக் கைவிட்டால் அது நில்லாது. புல் இருபுறமிருந்தும் ஊர்ந்து வரும். மேலிருந்து மண் வழியும். சில பத்தாண்டுகளில் உருவம் மறைந்துபோகும். அப்படியாயின், இடைப்பட்ட 3,000 ஆண்டுகளில் ஒரு தலைமுறைகூட நெடுநாள் சோம்பியிருக்கவில்லை என்று பொருள். மொழி மாறிற்று, மதம் மாறிற்று, உரோமர் வந்து போயினர், சாக்சனியர் வந்தனர், நோர்மானியர் வந்தனர். குதிரையின் பொருள் இன்னதென்று யாருக்கும் நினைவில்லாது போயிற்று. எனினும் ஊரார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்வெட்டியோடு குன்றேறிப் புல் செதுக்கினர். அந்நாள் ஊர்த்திருவிழாவாயிற்று, மற்போரும் ஓட்டப்பந்தயமும் நடந்தன. 1857இல் நடந்த பெருவிழாவைத் தோமஸ் ஹியூஸ் ஒரு நூலாகவே எழுதி 1859இல் வெளியிட்டார். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மன் விமானங்களுக்கு அடையாளமாகிவிடுமென அஞ்சிக் குதிரையை மூடி வைத்தனர். போர் முடிந்ததும் திறந்தனர். இன்று கோடைதோறும் தொண்டர்கள் முழந்தாளிட்டு, சுத்தியலாற் புதுச் சுண்ணத்தை இடித்து இறுக்குகின்றனர். எந்த மன்னனின் கல்வெட்டுக்கும் இத்தகைய தொடர்ச்சி வாய்க்கவில்லை.

தென்னகத்துக் குன்றுகளை விட்டு நடு இங்கிலாந்தின் களிமண் நிலங்களுக்கு வந்தால், காட்சி வேறு. இங்கே கல்வட்டமும் இல்லை, குதிரையும் இல்லை. வெறும் மேய்ச்சற்றரை. ஆனால் மாலை வெயில் சாய்ந்து விழும்போது அத்தரையிலே நீண்ட அலைகள் எழுகின்றன. வரம்பும் தாழ்வுமாக, ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. இடைக்காலக் குடியானவர் உழுத சால்களின் தடம் அது. நேர்கோடாக இல்லாமல் மெல்ல நெளிந்து செல்லும். நீண்ட எருதுப் பூட்டு வயலின் ஓரத்திலே திரும்ப இடம் வேண்டி முன்கூட்டியே வளைந்ததால் வந்த நெளிவு என்பர். எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பூட்டு எருது திரும்பிய வளைவை இன்று காலாலே உணரலாம்.

அக்காலத்தில் ஊரின் நிலம் இரண்டு மூன்று பெருவயல்களாகக் கிடந்தது, வேலி இல்லை. ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு வயலிலும் சிதறிய சில கீற்றுகள். அறுவடையின்பின் எல்லோர் மாடும் எல்லா வயலிலும் மேயும். ஊர்ப்புறத்துப் பொதுநிலத்தில் விறகு பொறுக்கலாம், பன்றி மேய்க்கலாம், கரி நிலத்திற் புல்கட்டி வெட்டலாம். இதனைப் பொற்காலமாக வருணிப்பது தவறு. பிரபுவின் வயலிற் கூலியின்றி உழைக்கும் கடமையோடுதான் இவ்வுரிமைகள் வந்தன. எனினும் உரிமை உரிமைதான். நிலம் ஒருவனுக்குச் சொந்தம், ஆனால் அதன் பயன் பலருக்கு உண்டு என்ற எண்ணம் அன்று இயல்பாயிருந்தது.

அப்படியாயின் அந்த உழவுத் தடம் ஏன் அழியவில்லை? தொடர்ந்து உழுதிருந்தால் அழிந்திருக்கும். பல இடங்களில் உழவு திடீரென நின்றது. ஏர் போனது, ஆடு வந்தது. புல் மூடியதனாலே தடம் உறைந்து போயிற்று. இன்று நடப்பவன் கண்டு மகிழும் அந்த அழகிய அலை, உழுதவன் வெளியேறிய நாளின் முத்திரை.

அவ்வாறு வெறுமையான ஊர்களில் மிக நன்றாக ஆராயப்பட்டது யோர்க்ஷயர் மேட்டுநிலத்திலுள்ள வொறம் பேர்சி. வாகனத்தை விட்டிறங்கிப் பள்ளத்தாக்கு வழியே சிறிது தூரம் நடந்தாற்றான் அதனை அடையலாம். கூரையற்ற ஒரு தேவாலயம், ஒரு குளம், அதற்கு மேலே சரிவிலே புல் மூடிய மேடுகள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு மேடும் ஒரு வீட்டின் அத்திவாரம். மோரிஸ் பெரஸ்போர்ட் என்னும் பொருளாதார வரலாற்றாசிரியரும் ஜோன் ஹேர்ஸ்ட் என்னும் தொல்லியலாளரும் 1950 முதல் 1990 வரை, நாற்பது கோடைகள், தொண்டர்களைக் கூட்டி இங்கே தோண்டினர். கோட்டையும் மடாலயமும் மட்டுமே அகழ்வுக்குத் தகுதியானவை என்றிருந்த காலத்திலே, குடியானவனின் குடிசைத் தரையைத் தேடி நாற்பதாண்டு செலவிட்டது ஒரு புரட்சியே. உடைந்த பானையும், திருத்தித் திருத்திக் கட்டிய சுவரும், சிறு குழந்தைகளின் எலும்பும் கிடைத்தன. 1500ஆம் ஆண்டையொட்டிக் கடைசிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. நிலம் ஆடு மேய்ச்சலுக்குப் போயிற்று.

இத்தகைய கைவிடப்பட்ட ஊர்கள் ஏறத்தாழ 3,000 இங்கிலாந்திலே அடையாளம் காணப்பட்டுள்ளன. எல்லாவற்றுக்கும் ஆட்டைக் குற்றஞ்சாட்டுதல் நியாயமன்று. 1348இல் வந்த கொள்ளைநோய் மக்களில் மூன்றிலொரு பங்கினரையேனும் கொண்டுபோயிற்று. ஆட்பற்றாக்குறையாற் கூலி உயர்ந்தது, தானிய விலை தாழ்ந்தது, கம்பளி இலாபமாயிற்று. நோய் தொடங்கிய காரியத்தை நிலப்பிரபு முடித்து வைத்தான் என்பதே பொருத்தம். தோமஸ் மோர் 1516இல் வெளியிட்ட 'உற்றோப்பியா'விலே இவ்வநீதியைச் சாடியதை நாம் அறிவோம். 'மூலதனம்' முதற் பாகத்திலே, குடியானவர் நிலத்திலிருந்து பறிக்கப்பட்ட வரலாற்றை மார்க்ஸ் கூறும் அத்தியாயத்தை வாசித்தவர், வொறம் பேர்சியின் புல்மேட்டில் நின்று அதனை மறுபடியும் வாசிக்கலாம்.

ஆனால் மோரின் காலத்து வேலியடைப்பு பின்னர் நடந்ததற்கு முன்னுரையே. முன்னது பலவிடங்களிற் சட்டத்துக்கு மாறாக நடந்தது. பின்னது சட்டமாகவே வந்தது. 1604 முதல் 1914 வரை 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை ஆங்கிலப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அவற்றின்கீழ் 68 இலட்சம் ஏக்கர் நிலம், அதாவது இங்கிலாந்தின் ஐந்திலொரு பங்குக்கு மேல், பொதுப்பயனிலிருந்து தனியுடைமைக்குப் போயிற்று. முறை மிக ஒழுங்கானது. ஓர் ஊரின் பெருநிலக்காரர் பாராளுமன்றத்துக்கு மனுச் செய்வர். தலைகளை அங்கு எண்ணுவதில்லை. நிலத்தின் பெறுமதியையே எண்ணுவர். சட்டம் நிறைவேறும். ஆணையாளர் வருவர், நில அளவையாளர் வருவர், படம் வரையப்படும், தீர்ப்புப் பத்திரம் எழுதப்படும். பத்திரம் காட்டி உரிமை நிறுவியவனுக்குப் பங்கு கிடைத்தது. பாட்டன் காலந்தொட்டுப் பொதுநிலத்தில் ஒரு பசுவை மேய்த்து வந்த கூலிக்காரனிடம் பத்திரம் ஏது? சிறு பங்கு கிடைத்தவனும் வேலி கட்டும் செலவைத் தாங்க மாட்டாமல் விற்றுவிட்டுப் பட்டணம் போனான். விளைச்சல் பெருகிற்று என்று இதனை ஆதரிப்போர் கூறுவர். பெருகியது மெய். யாருடைய களஞ்சியத்தில் என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

பாடப்புத்தகத்து உயிர்வேலியின் கதை இதுதான். இங்கிலாந்தின் எல்லா வேலிகளும் இவ்வாறு வந்தவையல்ல. வளைந்து நெளிந்து, பலவகை மரங்கள் கலந்து அடர்ந்தவை மிகப் பழையவை. ஆனால் அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் நேராகச் சென்று செங்கோணத்தில் திரும்பும் ஹோதோர்ன் முள்வேலி, பெரும்பாலும் பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அளவையாளரின் கைவேலை. அதனருகே அகன்று நேராகச் செல்லும் கிராமத்து வீதியும் அவ்வாறே.

இவ்விடத்தில் நம் நாட்டை நினையாமல் அப்பாற் செல்வதற்கில்லை. ஏனெனில் வேலி கடல் கடந்து இங்கும் வந்தது. ஆங்கிலக் கிராமத்திலே பயிரிடாத பொதுநிலத்துக்குத் 'தரிசு' என்று பெயர். தரிசென்றால் யாருக்கும் பயன்படாத நிலம் என்பதன்று. கூலிக்காரன் உயிர் வாழ்ந்ததே அதன் விறகாலும் புல்லாலும்தான். சொல்லின் பொருளை மாற்றியே நிலத்தைப் பறித்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் இலங்கை நிலமெல்லாம், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியது எனப் பிரகடனஞ் செய்தது. மலைநாட்டுக் கிராமத்தவர் சேனை வெட்டிய காடும் மாடு மேய்த்த பற்றையும் பத்திரமின்மையால் முடியிடம் போய், அங்கிருந்து கோப்பித் தோட்டக்காரரிடம் போயின. ஹெல்ப்ஸ்டன் ஊரிலும் கண்டிச் சீமையிலும் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: 'பத்திரம் எங்கே?' அத்தோட்டங்களில் உழைக்கவெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாடு நோக்கி நடந்த நடை, நடைகளின் வரலாற்றிலே தனியாக எழுதப்பட வேண்டிய ஒன்று. வழியில் மாண்டோர் பலர்.

ஹெல்ப்ஸ்டன் என்றேன். நோர்தம்டன்ஷயரின் அச்சிற்றூரில் 1793இல் ஒரு கூலிக்காரன் மகனாகப் பிறந்தவர் ஜோன் கிளேர். 1809இல் அவரது ஊருக்கு வேலியடைப்புச் சட்டம் வந்தது. இறுதித் தீர்ப்புப் பத்திரம் வர 1820 ஆயிற்று. இளம்பருவம் முழுவதும் தாம் ஓடித்திரிந்த வெளி துண்டு துண்டாக அடைபடுவதை அவர் கண்ணாற் கண்டார். கொடுமை என்னவெனில், வயிற்றுப்பாட்டுக்காக அந்த வேலிகளை நடும் கூலிவேலையும் அவரே செய்ய நேர்ந்தது. 1820இல் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்து இலண்டனிற் புகழ் பெற்றது. ஆனால் பணக்காரரின் ஆணவத்தைக் கடிந்த அடிகள் அவரது பிரபுப் புரவலரின் கண்ணை உறுத்தின. பின்வந்த பதிப்பில் அவை நீக்கப்பட்டன. புகழ் வற்றியது, வறுமை நின்றது, மனம் கலங்கிற்று. 1841இல் எசெக்ஸ் மனநல விடுதியிலிருந்து வெளியேறி, கையிற் காசின்றி, பாதையோரத்துப் புல்லைத் தின்று, நான்கு நாளில் ஏறத்தாழ 80 மைல் நடந்து ஊர் சேர்ந்தார். ஆங்கில இலக்கியத்தில் நடைப்பயணம் என்றவுடன் ஏரிநாட்டில் உலாவிய வேர்ட்ஸ்வர்த்தையே நமக்குச் சொல்லித் தருகின்றனர். கிளேரின் நடையைச் சொல்லித் தருவோர் அரியர்.

வேர்ட்ஸ்வர்த்தின் மேதைமையைக் குறைத்துக் கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் 1844இல் விண்டமியர் ஏரிக்குப் புகையிரதப் பாதை அமைக்கும் திட்டம் எழுந்தபோது அவர் பத்திரிகையில் எழுதிய எதிர்ப்பை மறைப்பதும் நேர்மையன்று. ஆலைத் தொழிலாளரைக் கூட்டங் கூட்டமாக ஏரிக்கரைக்குக் கொண்டுவருவதால் அவர்களுக்குப் பயனில்லை. இயற்கையைச் சுவைக்கப் பயிற்சி வேண்டும். அது படிப்படியாகவே வரும் என்பது அவர் வாதம். வெளியை அடைத்த வேலிக்குள் அழகுணர்ச்சியின் பெயரால் இன்னொரு வேலி.

அந்த ஆலைத் தொழிலாளர் வேறு யார்? வேலியடைப்பினாற் பட்டணத்துக்குத் துரத்தப்பட்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே பெருந்தொகையினர். மான்செஸ்டரிலும் ஷெபீல்டிலும் புகைக்கூண்டுகளின் கீழ் வாழ்ந்த அவர்கள், ஞாயிற்றுக்கிழமை வந்ததும் பாட்டன்மாரின் பாதைகளைத் தேடிக் குன்றேறினர். பாதைகள் மூடிக் கிடந்தன. 1815ஆம் ஆண்டுச் சட்டமொன்று, இரு சமாதான நீதவான்கள் தேவையற்றதெனக் கருதினால் எந்தப் பாதையையும் மூடிவிடலாம் என்றது. சமாதான நீதவான் எனப்பட்டவன் பெரும்பாலும் அயலூர் நிலப்பிரபுவே. இராவிருந்தின்போது ஒருவன் பாதையை மற்றவன் மூடிக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? இதனை எதிர்த்து 1824இல் யோர்க்கிலும் 1826இல் மான்செஸ்டரிலும் பழம்பாதைகளைக் காக்கும் சங்கங்கள் தோன்றின. அவற்றை நடத்தியோர் நடுத்தர வர்க்கத்தவர். வழக்காடிப் பாதைகளை மீட்டனர்.

தொழிலாளர் தாமே இறங்கியபோது போராட்டத்தின் தன்மை மாறிற்று. 1896 செப்டெம்பரில், போல்டன் நகருக்கு அருகே விண்டர் ஹில் குன்றுக்குச் செல்லும் வழியை நிலக்காரர் ஒருவர் கதவிட்டு மூடியபோது, சமூக ஜனநாயக சம்மேளனத்தைச் சேர்ந்த சோசலிஸ்டுகள் அழைப்பு விடுத்தனர். சுமார் 10,000 பேர் திரண்டு கதவைத் தாண்டி நடந்தனர். பின்னர் வழக்கில் தோற்றனர். 1900இல் ஷெபீல்டில் ஜி. எச். பி. வோர்ட் என்னும் இயந்திரத் தொழிலாளி 'கிளாரியன்' நடைக்கழகத்தைத் தொடக்கினார். அக்கழகம் ஆண்டுதோறும் வெளியிட்ட கைக்கடக்கமான வழிகாட்டியை ஆசிரியராயுள்ள வாசகர் தேடிப் பார்த்தால் பயனடைவர். புறப்படும் நேரமும் பாதையும் மட்டுமன்றி, இடப்பெயர்களின் வரலாறு, மூடப்பட்ட பாதைகளுக்கான சான்று, எந்தப் புல்வெளி எப்போது யாரால் அடைக்கப்பட்டது என்பன எல்லாம் அதில் உண்டு. பல்கலைக்கழகம் காணாத தொழிலாளிகள் சட்டைப்பையிற் கொண்டு சென்ற வரலாற்றுப் பாடநூல் அது.

இதன் உச்சம் 1932 ஏப்ரில் 24, ஞாயிறு. மான்செஸ்டருக்கும் ஷெபீல்டுக்கும் இடையே 2,087 அடி உயர்ந்து கிடக்கும் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம், முன்னர் பொதுநிலம், 1830களில் அடைக்கப்பட்டது. டெவன்ஷயர் கோமகனும் பிறரும் அதில் கிரவுஸ் என்னும் காட்டுப்பறவையை வளர்த்து வைத்திருந்தனர். ஆண்டில் சில நாட்கள் பிரபுக்கள் துப்பாக்கியோடு வருவர். மற்ற நாட்களெல்லாம் வேட்டைக் காவலர் தடியோடு நிற்பர். வேலையின்மை உச்சத்திலிருந்த அவ்வாண்டில், இளங் கம்யூனிஸ்டுகள் முன்னின்ற பிரித்தானியத் தொழிலாளர் விளையாட்டுச் சம்மேளனம் அத்துமீறி ஏறுவோம் என்று பகிரங்கமாக அறிவித்தது. தலைமை தாங்கியவர் பென்னி ரொத்மன், வயது 20, வேலையற்ற இயந்திரத் தொழிலாளி. ஹேபீல்ட் ஊர்க் கற்சுரங்கத்தில் அவர் பேசி முடிக்க, சுமார் 400 பேர் பாடிக்கொண்டு ஏறினர். சரிவிலே காவலரோடு கைகலப்பு. ஒரு காவலர் காயமடைந்தார். மறுபுறமிருந்து ஷெபீல்டார் ஏறி வந்து சந்தித்தனர். இறங்கி வந்தபோது பொலிசார் காத்திருந்தனர்.

அத்துமீறி நடப்பது ஆங்கிலச் சட்டப்படி குற்றமன்று. நிலக்காரன் நட்டஈடு கோரலாம், அவ்வளவே. எனவே கலகத்துக்காகக் கூடியமை, தாக்கியமை என்ற குற்றங்களைச் சாட்டினர். டார்பி நீதிமன்றத்திலே வழக்கை ஏற்ற பெருஞ் ஜூரியில் இரண்டு பிரிகேடியர் ஜெனரல்கள், மூன்று கேணல்கள், இரண்டு மேஜர்கள், மூன்று கப்டன்கள், இரண்டு நகரசபை மூத்தோர், பதினொரு நாட்டுப்புறப் பெருநிலக்காரர். ஒரு தொழிலாளியும் இல்லை. ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ரொத்மனுக்கு நான்கு மாதம். தண்டனையின் கடுமையே நாட்டை விழிக்கச் செய்தது. எதிர்த்து நின்ற நடைக்கழகங்கள்கூடத் தண்டனையைக் கண்டித்தன. சில வாரங்களில் அருகிலுள்ள வினட்ஸ் கணவாயில் ஆயிரக்கணக்கானோர் கூடினர்.

கிண்டர் நடைதான் பின்வந்த சட்டங்களைத் தந்தது என்பதை வரலாற்றாசிரியர் யாவரும் ஒப்புக்கொள்வதில்லை. மனுக் கொடுத்தும் மசோதா வரைந்தும் பாடுபட்டோரிற் சிலர் அது தீங்கே செய்தது என்றனர். முன்னரும் மசோதாக்கள் வந்தன. 1884இல் ஜேம்ஸ் பிரைஸ் கொண்டுவந்த மலையேறும் உரிமை மசோதா நிறைவேறவில்லை. அதன் வாரிசுகளும் அரைநூற்றாண்டுக்கு நிறைவேறவில்லை. மனு மட்டும் போதாது என்பதற்கு அந்த அரைநூற்றாண்டே சாட்சி. சிறை மட்டும் சட்டம் எழுதாது என்பதும் உண்மை. 1949இல் தொழிற்கட்சி அரசாங்கம் தேசிய பூங்காக்கள் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு மாவட்ட சபையும் தன் பொதுப் பாதைகளைப் படத்தில் வரைந்து நிலைநாட்ட வேண்டும் என்றது அச்சட்டம். 1951இல் முதலாவது தேசிய பூங்காவாக அமைந்தது கிண்டர் அடங்கிய பீக் மாவட்டமே. திறந்த மேட்டுநிலத்திலும் பொதுநிலத்திலும் பாதை விட்டும் நடக்கலாம் என்ற உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதுவும் இங்கிலாந்தின் நூற்றுக்கு எட்டுப் பங்கு நிலத்துக்கே. ரொத்மன் 2002 ஜனவரியிற் காலமானார். அவ்வாண்டு எழுபதாம் ஆண்டு நிறைவு விழாவிலே அன்றைய டெவன்ஷயர் கோமகன் தமது பாட்டனார் செய்தது பெருந்தவறு என்று பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் ஒரு முள்ளும் இருந்தது. 1949க்கு முன் இருந்து, படத்திற் பதியாமல் விடுபட்ட பழம்பாதைகளை 2026 ஜனவரிக்குள் நிறுவாவிடில் அவை என்றைக்குமாக அழிந்துவிடும் என்பது அதன் விதி. நடைக்கழகத்தார் 2020இல் ஆயிரக்கணக்கான தொண்டர்களைக் கொண்டு பழைய படங்களை ஒப்பிட்டபோது, அவ்வாறு விடுபட்ட பாதைகள் 49,000 மைலுக்கு மேல் எனக் கண்டனர். எதிர்ப்பினால் தவணை 2031க்கு நீட்டப்பட்டது. 2024 டிசெம்பரில் அவ்விதியையே நீக்கப்போவதாகத் தொழிற்கட்சி அரசாங்கம் அறிவித்தது.

தொண்டர்கள் ஆவணக் காப்பகங்களிற் பாதைகளைத் தேடுகின்றனர். ஒரு பாதை பொதுவானது என்று நிறுவ அவர்களுக்குக் கிடைக்கும் வலிமையான சான்றுகளுள் ஒன்று வேலியடைப்புத் தீர்ப்புப் பத்திரம். பொதுநிலத்தைப் பங்கிட்ட ஆணையாளர், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எந்த வழியாகப் பொதுப்பாதை செல்ல வேண்டும், அதன் அகலம் எத்தனை அடி என்பதையும் அப்பத்திரத்தில் எழுதிக் கையொப்பமிட்டுச் சென்றனர். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தபாற்காரரும் அத்தோற்சுருள்களை மேசைமீது விரித்து, மங்கிய மையின் மேல் விரலை வைத்து, அடைபட்ட வயலின் நடுவே பாதையின் அகலத்தை வாசித்துக் கொண்டிருக்கின்றனர்.